நானூற்றிப் பதினேழு

மன்னவனூர்ப் பண்ணையில் மின்சாரம் போனபோது
நானூற்றிப் பதினேழு
பாதி ஆடாக இருந்தது.

இடப்பக்கம் முடிந்துவிட்டது.
குழந்தைவேலுவின் முழங்கால்களுக்கிடையில்
சவரம் செய்த கன்னம் மாதிரி
ஆவி விட்டுக்கொண்டிருந்தது தோல்.
வலப்பக்கம் இன்னும் ஒரு வருஷம் பாக்கி:
போன ஐப்பசி மழை, மார்கழி உறைபனி,
ஒட்டுப்புல், பைன் ஊசி
எல்லாம் சுருண்டபடியே.

மிஷின் தும்மிவிட்டு நின்றது.
கவுஞ்சி ரோட்டில் மரம் சாய்ந்திருக்கும் என்றார் யாரோ.
குழந்தைவேலு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தார்.
அந்த ஒரு நொடி போதாதா அதற்கு?

பாதிப் போர்வை தரையில் இழுபட
தராசில் மோதி
எஸ்தரின் நோட்டை மிதித்து
பூண்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டது.

நான் துரத்தினேன்.
துரத்துவது என் வேலையில்லை.
வயிற்று மயிர் தனி, சாணி ஒட்டியது தனி,
முதுகு மயிர் மட்டும் வெள்ளைச் சாக்கில்.
இதுதான் என் கூலி.
(மயிர் என்று சொல்லாதே அக்கா, ரோமம் என்பாள் எஸ்தர்.
நோட்டில் ரோமம்தான். கையில் வந்தால் மயிர்.)

பனிமூட்டம் மார்பளவு.
மேல் பாத்தியிலிருந்து பரிபூரணம் கத்தினாள்:
வெள்ளாடு பூந்துருச்சு!
கீழ்ப் பாத்தியிலிருந்து அவள் கொழுந்தன் சிங்கராயர்:
கண்ணு அவிஞ்சா போச்சு, செம்மறி!
இருவரும் பார்த்தது உண்மை.
ஆடு திரும்பியதும்
இருவரும் மாற்றிக் கத்தினார்கள்.

வரப்போரம் அது நின்றபோதுதான்
குட்டி வந்தது, எங்கிருந்தோ, மூன்று வாரக் குட்டி.
இடப்பக்கம் போய் மோந்தது.
பின்வாங்கியது.
யாரிடமோ புகார் சொல்வதுபோல் என்னைப் பார்த்துக் கத்தியது.
தாய் ஒரு குரல் கொடுத்தது.
குட்டி சுற்றி வந்து
வலப்பக்கம் முகத்தைப் புதைத்தது.
வால் ஆட ஆரம்பித்துவிட்டது.

கைக்கத்தரியோடு வந்த குழந்தைவேலு
கத்தரியைச் சேற்றில் குத்திவைத்து
வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சிங்கராயர் மட்டும்
மிதிபட்ட பூண்டு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

மயிரைக் கட்டி மலையை இழு என்பார்கள்,
போனால் மயிர்தானே என்று.
இங்கே மலைதான் எங்களை இழுத்துக்கொண்டிருந்தது,
ஒன்றே முக்கால் கிலோவுக்கு.

பீடி முடிந்தது. குட்டியும்
வாயோரம் நுரையோடு தலையை எடுத்தது.
கத்தரி சத்தம் நிதானமாக,
வெங்காயச் சருகு உரிகிற மாதிரி.
வலப்பக்கமும் போயிற்று.
அந்தப் பாதியில் பூண்டு வாசனை ஏறியிருந்தது.
லாரியில் இறங்கி, சோப்பில் அலசி,
சீவி, நூற்று, நெய்து
எவரோ ஒரு ராத்திரி டியூட்டிக்காரர்
கழுத்துவரை இழுத்துப் போர்த்தும்போது
ரசம் ஞாபகம் வரக்கூடும் அவருக்கு.

கொட்டகையில் எஸ்தர்
குளம்பு பதிந்த பக்கத்தைத் துடைத்து
இரண்டு எடையையும் கூட்டினாள்.
குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத என்றாள்.
என் கையெல்லாம் ஆட்டு நெய்.
காரட் கழுவி வெடித்த விரலிடுக்கு
எரியாமல் இருந்தது இரண்டு மாதத்துக்குப் பிறகு.
அதை எழுத முடியுமா?

வெளியே குட்டி
ஒவ்வொரு வெளுத்த தோலாக மோந்துபார்த்து
கத்திக்கொண்டே போயிற்று.
நானூற்றிப் பதினேழு நின்ற இடத்தில் நின்று
பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
குட்டி நிற்கும், காதைத் திருப்பும்,
நாலு எட்டு வரும்,
கண்ணால் பார்த்ததும் மறுபடி ஓடும்.

அப்போது மின்சாரம் வந்தது.
அணைக்க மறந்த மிஷின்
கொட்டகை அதிர உறுமியது.
தாயின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

இடுப்பு வலியோடு
குழந்தைவேலு ஓடினார்,
ஸ்விட்சை அணைக்க.